நிறம் அப்புறம், முதலில் கழற்றும் முறை: ஸ்போர்ட்ஸ் கார் உள்ளலங்காரக் கேள்வி-பதில்

இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை போர்ஷே 911-இன் 997 தலைமுறையைப் பற்றிய கேள்விகள். காரணம் புரிகிறது. 2004-இல் அறிமுகமான கார் அது. பராமரித்தவர்களிடம் எஞ்சின் இன்றும் துடிப்பாக இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளி நிறப் பூச்சுப் பட்டைகளும் தோலும்தான் வயதைக் காட்டிக்கொடுக்கின்றன.

கேள்வி: 997-இன் டேஷ்போர்டில் உள்ள நீளமான அலங்காரப் பட்டையைக் கழற்றி, காரின் வெளி நிறத்தையே அடிக்க விரும்புகிறேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பலாமா?

வேண்டவே வேண்டாம். இரும்பு முனை பட்டைக்கு முன்னால் பக்கத்துத் தோலைத்தான் குதறும். உதிரிபாகக் கடைகளில் பேனல் கழற்றுவதற்கென்றே பிளாஸ்டிக் நெம்பிகள் விற்கிறார்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் பட்டை வளைந்து வெடிக்கும். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் முறியும் என்பதால் காரின் உட்புறம் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். பயணி பக்கப் பட்டைக்குப் பின்னால் கப் ஹோல்டர்கள் மடங்கியிருக்கின்றன. அவற்றைத் திறந்து, பட்டை எதில் நிற்கிறது என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஏர்பேக் வயர் இருக்கும் எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். இதில் இரண்டு விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரி காரின் முன்புறச் சாமான் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் மூடியின் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. துண்டித்த பிறகு மூடியை அடைத்துவிட்டால் திறக்கத் திண்டாடுவீர்கள். அடுத்தது, கதவுக் கண்ணாடி. 911-இன் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகச் சற்றே கீழிறங்கி ரப்பரிலிருந்து விடுபடும். மின்சாரம் இல்லாவிட்டால் இறங்காது. எனவே முன்கூட்டியே கண்ணாடிகளை இறக்கி வைத்துவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பது இதைவிட எளிது. பழைய பூச்சு உறுதியாக இருந்தால் அதை உரித்தெடுக்கத் தேவையில்லை. 800 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் அளவுக்குத் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களில் மட்டும் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடியுங்கள். நிறத்தைக் கனமாக அடிக்காதீர்கள்; விளிம்பில் பெயின்ட் தடித்தால் பட்டை தன் இடத்தில் உட்காராது.

கேள்வி: கதவின் உள்பேனல் முழுவதையும் புதுத் தோலில், சிவப்பு நூல் தையலோடு செய்ய ஆசை. உள்ளூரில் சோபாவுக்குத் தோல் தைப்பவர் முடியும் என்கிறார். கொடுக்கலாமா? சீட்டையும் சேர்த்தே செய்யலாம் என்று எண்ணம்.

கதவின் கீழ்ப்பகுதிக்கும் கைப்பிடிக்கும் கொடுக்கலாம். மேல் விளிம்பைத் தொட விடாதீர்கள். 997-இல் தலையைக் காக்கும் ஏர்பேக் கூரையோரத்தில் இல்லை, கதவில் இருக்கிறது. மோதலில் கதவின் மேல் விளிம்பைப் பிளந்துகொண்டு மேல்நோக்கி விரியும். மார்பைக் காக்கும் ஏர்பேக் சீட் முதுகின் வெளிப்பக்க ஓரத்தில் இருக்கிறது. இவை வெளியேறும் இடத்தில் உறையும் தையலும் கணக்கிட்டுப் பலவீனமாகச் செய்யப்பட்டவை. அங்கே உறுதியான நூலால் இரட்டைத் தையல் போடுவது நல்ல கைவேலைதான், ஆனால் ஏர்பேக் விரிய வேண்டிய நொடியில் அது தடையாக நிற்கும். அந்த உறை கிழிய வேண்டும், கிழிவதற்காகத்தான் அப்படித் தைத்திருக்கிறார்கள். என்னிடம் யார் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிறம்தான் உங்கள் குறை என்றால், அந்த இரண்டு இடங்களிலும் இருக்கும் தோலுக்கே தோல்சாயம் ஏற்றலாம். சிவப்பு நூல் கட்டாயம் வேண்டும் என்றால், ஏர்பேக் சீட்டுக்கென்றே தயாரான உறையை வாங்கிப் பயிற்சி பெற்றவரிடம் பொருத்துங்கள். ஏர்பேக் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு இக்னிஷனைப் போடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, காரின் பிழைப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து அதை அழிக்கும்வரை அணையாது.

கேள்வி: பழைய ஃபெராரி எஃப்430 வாங்கினேன். ஏசி பட்டன்களும் நடுப்பேனலும் வெல்லப்பாகு தடவியதுபோல் ஒட்டுகின்றன. துடைக்கத் துடைக்கக் கறுப்பு கையில் வருகிறது.

ஃபெராரி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமான தொல்லை இது. 360 மாடலிலும் உண்டு. பிளாஸ்டிக் தொடுவதற்கு மென்மையாக இருக்க வேண்டும் என்று மேலே பூசிய ரப்பர் போன்ற பூச்சு, ஈரப்பதத்திலும் வெப்பத்திலும் காலப்போக்கில் சிதைந்து பிசுபிசுக்கிறது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சோப்புத் தண்ணீர் தீர்க்காது. பூச்சையே எடுக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் கூழாகித் திரண்டு வரும். தின்னரும் அசிட்டோனும் பக்கத்தில் வரக் கூடாது, அவை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

ஆனால் பட்டன்களை நீங்களே துடைக்காதீர்கள். மேலுள்ள குறியீடுகளும் எழுத்துகளும் அந்தப் பூச்சோடு சேர்ந்தே போய்விடும், பிறகு எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது. எழுத்தில்லாத பேனல்களை வீட்டில் செய்யுங்கள். பட்டன்களைக் கழற்றி, மறுபூச்சுடன் எழுத்தையும் பொறித்துத் தரும் கடைக்கு அனுப்புங்கள். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்பன் ஃபைபர் தோற்றம் வேண்டும். நிஜமா, ஸ்டிக்கரா?

நிஜக் கார்பன்தான் என் விருப்பம், ஆனால் பழைய பட்டையின் மேலேயே கார்பன் துணியும் எபாக்ஸிப் பிசினும் ஒட்டுவதாக இருந்தால் யோசியுங்கள். பட்டை தடித்துவிடும், 911-இல் பேனல்களுக்கிடையே அதற்கு இடமில்லை. பின்பக்கம் தேய்த்துக் குறைக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். மேற்பூச்சு புறஊதாக் கதிரைத் தாங்குவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எபாக்ஸி மஞ்சளாகும். ஸ்டிக்கர் என்றால் தரமான காஸ்ட் வைனில் (வார்ப்பு முறையில் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வாங்குங்கள். வளைவுகளில் இழுத்து ஒட்டியதும் ஹீட் கன்னால் தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலைவரை மறுபடி சூடாக்காவிட்டால், வெயிலில் நின்ற முதல் நாளே ஓரம் சுருண்டு எழும்பும்.

கேள்வி: அல்கன்டாரா ஸ்டியரிங் பளபளவென்று வழுக்குகிறது. தோல் கிரீம் தடவலாமா?

கூடாது. அல்கன்டாரா தோல் அல்ல. பாலியெஸ்டரும் பாலியுரீத்தேனும் சேர்ந்த நுண்ணிழைத் துணி. உள்ளங்கை எண்ணெயில் இழைகள் படிந்துவிட்டன, அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியால் துடைத்து, காய்ந்ததும் மென்மையான பிரஷால் இழைகளை நிமிர்த்துங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு எங்கிருந்தோ கிரீச்சென்று சத்தம்.

பழைய கிளிப்களையே மாட்டியிருப்பீர்கள். ஒருமுறை கழற்றிய கிளிப்பின் பிடி தளர்ந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே புதியவற்றை வாங்கி வைப்பது வழக்கம். அவற்றை மாற்றியும் சத்தம் நிற்காவிட்டால், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்தில் வயரிங்குக்குச் சுற்றும் பஞ்சு போன்ற துணி டேப்பை ஓர் அடுக்கு ஒட்டுங்கள்.