ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்கு நிறங்களின் அடிப்படையை ஓவியம் வழியாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சின்ன வகுப்புகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியராகப் பதில் சொல்கிறேன். நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தை முதல் நாளே சுவரில் மாட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டிய விடை அது. முன்கூட்டியே காட்டிவிட்டால் அப்புறம் அவர்கள் கலப்பதெல்லாம் வெறும் சரிபார்ப்புதான்.

மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை. தொடங்க இந்த நான்கும் போதும். பச்சை, ஆரஞ்சு, பழுப்பு, முக்கியமாகக் கறுப்பு, எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். வில்லையாக வரும் வாட்டர் கலரைவிட இந்த வயதுக்குப் போஸ்டர் கலர் நல்லது. தட்டில் எடுத்துக் கலப்பது சுலபம். பிரஷ் கழுவ ஒரு கிண்ணம், நல்ல தண்ணீருக்கு ஒரு கிண்ணம், துடைக்க ஒரு துணி. நிறங்கள் அழுக்காகிப் போவதற்குப் பல நேரம் அந்தக் கலங்கிய தண்ணீர்தான் காரணம்.

பச்சையிலிருந்து தொடங்கலாம். “பச்சை கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். நீலத்தை நிறைய எடுத்து அதில் மஞ்சளைச் சேர்க்கிற பிள்ளைக்கு மஞ்சள் தீர்ந்துகொண்டே போகும், நிறம் அசையாது. மஞ்சளை எடுத்து அதில் நீலத்தைத் துளி தொட்டுவைத்த பிள்ளைக்கு உடனே பச்சை வந்துவிடும். நீலத்தின் வீரியம் அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பிறகு எல்லோருடைய பச்சையையும் தாளில் தடவி வெட்டி, மஞ்சள் சாயலில் இருந்து நீலச் சாயல் வரை வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். எது முன்னால், எது பின்னால் என்று அவர்கள் போடும் சண்டைதான் பாடம். அடுத்த வகுப்பில் அந்தப் பச்சைகளை மட்டும் வைத்து ஒரு காடு வரையட்டும்.

ஊதாவில்தான் சிக்கல் வரும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று புத்தகம் சொல்கிறது. பிள்ளை கலந்தால் மங்கிய பழுப்பு மாதிரி ஏதோ வருகிறது. தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். அப்படி நினைக்க விட்டுவிடாதீர்கள். வெர்மிலியன், ஸ்கார்லெட் போன்ற சிவப்புகள் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தவை. அவற்றில் மஞ்சளின் சாயல் இருக்கிறது. மஞ்சள் ஊதாவுக்கு நேர் எதிர் நிறம், அதாவது வண்ணச் சக்கரத்தில் அதற்கு எதிரே இருப்பது. அதனால் ஊதாவை மங்க வைத்துவிடும். நீலப் பக்கம் சாய்ந்த கிரிம்சன் சிவப்பையும் ஊதாப் பக்கம் சாய்ந்த அல்ட்ராமரைன் நீலத்தையும் கொடுத்துப் பாருங்கள், கொஞ்சம் வெள்ளை சேர்த்ததும் தெளிவான ஊதா தெரியும். நான் இரண்டு சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலக்கச் சொல்வேன். சிவப்பு என்ற ஒரே பெயருக்குள் பல நிறங்கள் இருக்கின்றன என்பது ஒரு பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால், அதற்குப் பிறகு டியூபைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் யாராவது “டிவியில் வேற மாதிரியாமே?” என்று கேட்பார்கள். ஆமாம், அங்கே அடிப்படை நிறங்களே வேறுதான். அச்சில் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளி. போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் மிகச் சின்னத் தண்ணீர்த் துளி ஒன்றை வைத்தால், அது பூதக்கண்ணாடி போல வேலை செய்து அந்த மூன்று நிறப் புள்ளிகளையும் காட்டிவிடும். பெயிண்டைக் கலக்கக் கலக்க நிறம் இருளும், ஒளியைச் சேர்க்கச் சேர்க்க வெளுக்கும். இந்த வயதுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

எதிர் நிறங்களுக்குச் செவ்ரலின் கதையைச் சொல்லுங்கள். அவர் பிரெஞ்சு வேதியியலாளர், பாரிஸின் கோபலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருக்கும் நிறம்தான் அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து 1839இல் புத்தகமாகவே எழுதினார். கதை முடிந்ததும் ஒரே சாம்பல் தாளில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைச் சிவப்பின்மேலும் இன்னொன்றைப் பச்சையின்மேலும் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் என்று நம்ப மறுப்பார்கள். பிய்த்து ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கறுப்பை இதற்கெல்லாம் பிறகு கொடுங்கள். அதற்குள் சிவப்பில் பச்சையைத் தொட்டு இருட்டாக்கத் தெரிந்திருக்கும். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் ஆலிவ் பச்சை வருவதைப் பார்த்து வகுப்பே கத்தும்.

சிவப்பு, ஆரஞ்சு போன்றவை சூடான நிறம், நீலம், பச்சை போன்றவை குளிர்ந்த நிறம் என்பதை ஒரு வகுப்பில் தொட்டுவிட்டுப் போகலாம். “சோகம் என்றால் நீலம்” மாதிரியான அட்டவணைகள் எனக்குப் பிடிக்காது. தன் சோகத்துக்கு என்ன நிறம் என்று பிள்ளையே சொல்லட்டும்.

இன்னொன்று. ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப இலையைப் பழுப்பாகவும் தண்டைப் பச்சையாகவும் தீட்டினால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குறை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லிக் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லா டியூபிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். யாருக்காக என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.