யார் கடனை யார் கட்டினார்கள்? இளம் அமெரிக்கா பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

1783-இல் பிரிட்டனோடு நடந்த சுதந்திரப் போர் முடிந்ததிலிருந்து 1830 வரையிலான அமெரிக்காவைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் வந்தது முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் மரப்பல் பற்றிய கேள்வி! மரமில்லை, தந்தம், உலோகம், மாட்டுப்பல், மனிதப்பல். 1784-இல் அடிமைகளிடமிருந்து 9 பல் வாங்கியதற்குக் காசு கொடுத்த வரி அவர் பண்ணைக் கணக்கில் இருக்கிறது. இனி மற்றவை.

சார், சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட சிப்பாய்களே நாலு வருஷத்துக்குள் திரும்பவும் துப்பாக்கி எடுத்தார்களாமே, ஏன்? (கல்லூரி மாணவி, திருச்சி)

முன்னாள் போர்வீரர் டேனியல் ஷேய்ஸ் பெயரால் அழைக்கப்படும் கலகத்தைச் சொல்கிறீர்கள். சிப்பாய்க்குச் சம்பளமாகக் கிடைத்தது பெரும்பாலும் காகிதம்: பிறகு தருகிறோம் என்ற பத்திரம். ஊருக்கு வந்தால் மாசசூசெட்ஸ் அரசு வரி கேட்கிறது, அதையும் காசாகவே கேட்கிறது. போர்க்கடனை அடைக்கத்தான் அந்த வரி. மேற்கு மாவட்டங்களில் தானியம் உண்டு, மாடு உண்டு, வெள்ளிக்காசு மட்டும் கண்ணில் படாது. நிலம் ஜப்தியானது, சிலர் கடனுக்காகச் சிறைக்கே போனார்கள். 1786 இலையுதிர்காலத்தில் கூட்டம் திரண்டு நீதிமன்றங்களை உட்காரவிடாமல் தடுத்தது. நீதிபதி உட்காராவிட்டால் ஜப்தி உத்தரவும் கிடையாதே! 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கின் முன் பீரங்கி வெடித்து நாலு பேர் செத்தார்கள். கலகத்தை அடக்கிய படைக்குச் செலவு செய்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள், ஏனென்றால் அரசு கஜானாவில் பணமில்லை. அதே ஆண்டு மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். மாநிலங்கள் காகிதப் பணம் அச்சிடக்கூடாது என்ற விதி அதில் ஏறியது இந்தப் பயத்தில்தான்.

நிதியமைச்சர் ஹாமில்டன் பழைய போர்க்கடனை முகமதிப்பிலேயே (பத்திரத்தில் எழுதிய முழுத் தொகைக்கே) ஏற்றுக்கொண்டது நல்ல நிதி நிர்வாகம்தானே? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை)

வங்கிக்காரர் கண்ணில் குறை தெரியாதுதான், ஐயா! 1790-இல் மத்திய அரசின் கடன் ஏறக்குறைய 5.4 கோடி டாலர். மாநிலங்களுடையது இன்னும் 2.5 கோடி இருக்கும் என்று போட்டு, அதையும் மத்திய அரசே சுமக்கட்டும் என்றார் ஹாமில்டன். ஆனால் அந்தப் பத்திரங்கள் அப்போது யார் கையில் இருந்தன? சிப்பாயும் விதவையும் வயிற்றுப்பாட்டுக்காகக் கால் விலைக்கும் கீழே எப்போதோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் பணக்காரர்கள். திட்டம் வெளியானதும் தெற்கே கிராமம் கிராமமாக ஆள் அனுப்பி மிச்சத்தையும் வாரினார்கள்.

வாங்கியவருக்குச் சந்தை விலை, மீதி முதலில் வைத்திருந்த சிப்பாய்க்கு என்று பிரிக்கச் சொன்னார் வர்ஜீனியாப் பிரதிநிதி மேடிசன். பிரதிநிதிகள் சபையில் 36-க்கு 13 என்று தோற்றது. கைமாறிய பத்திரத்துக்கு நிச்சயமில்லையென்றால் நாளைக்கு எவன் வாங்குவான் என்ற ஹாமில்டனின் வாதம் சரியானது. ஆனால் வட்டி கட்ட வரி போட வேண்டும், பத்திரத்தை மலிவாக விற்ற சிப்பாய் இப்போது அந்த வரியையும் கட்டுகிறான். என் மனம் மேடிசன் பக்கம்தான் சாய்கிறது. மாநிலக் கடன் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வந்தார்: ஜூன் மாதம் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில் பேசி முடித்து, அதற்கு ஈடாகத் தலைநகரம் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போனது.

அந்த வரிதான் விஸ்கி கலகத்துக்குக் காரணமா? குடிக்காகவா கலகம் செய்தார்கள்? (திருநெல்வேலி)

குடிக்காக இல்லை தம்பி, வண்டிக்கூலிக்காக. மேற்குப் பென்சில்வேனியாவில் விளைந்த தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. சாராயமாகக் காய்ச்சினால் சுமை குறையும், விலை ஏறும். அங்கே கொடுக்கல் வாங்கலே சாராயத்தில்தான். 1791-இல் போட்ட சாராய வரியைக் காசாகக் கட்டச் சொன்னால் எங்கே போவது? வழக்கு என்றால் மலை தாண்டி ஃபிலடெல்ஃபியாவுக்கு நடக்க வேண்டும். 1794-இல் வரி அதிகாரி நெவில் வீட்டைக் கொளுத்தினார்கள். வாஷிங்டன் சுமார் 13,000 பேரைத் திரட்டிப் பாதி வழி தானே கூடப் போனார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆளே இல்லை. ராஜத்துரோகம் என்று தீர்ப்பானது இரண்டு பேருக்கு, இருவருக்கும் மன்னிப்பு கொடுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஓட்டு இருந்ததா? (சென்னை)

நியூஜெர்சியில் மட்டும். 1776 சட்டம் 50 பவுண்டு சொத்துள்ள 'குடியிருப்போர்' என்றது, ஆண் என்று சொல்லவில்லை. மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்பதால் ஓட்டுப் போட்டவர்கள் விதவைகளும் மணமாகாதவர்களும். சொத்துள்ள கறுப்பின மக்களும் போட்டார்கள். 1807-இல் இரு தரப்பாரிடமிருந்தும் பறித்து, வெள்ளை ஆண்களுக்கு மட்டும் ஆக்கினார்கள்.

எங்கட வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தின அமெரிக்கர் இந்தக் காலத்து ஆக்கள்தானோ? (யாழ்ப்பாணம்)

ஆமாம். மாசசூசெட்ஸில் 1810-இல் தொடங்கிய மிஷன் அது. 1812-இல் கல்கத்தாவில் இறங்கியவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. இலங்கை கம்பெனிக்குக் கட்டுப்படாத இடம், அதனால் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். டேனியல் பூர் 1823-இல் செமினரியை ஆரம்பித்தார். அங்கே அமெரிக்காவில், அரசு வரியில் தேவாலயம் நடத்தும் பழக்கம் ஒழிந்துகொண்டிருந்தது: கனெக்டிகட்டில் 1818, மாசசூசெட்ஸில் 1833. சபைகள் நன்கொடையை நம்ப வேண்டிய நிலை. காசு அனுப்பியவரின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அதனால் வந்தது. பழைய யாழ்ப்பாணப் பதிவுகளில் நியூ இங்கிலாந்துப் பெயர்கள் கிடக்கும் ரகசியம் இதுதான்.

ஜின்னிங் மெஷின் வந்தால் ஆள் தேவை குறையணுமே, அடிமைகள் எப்படி அதிகமானார்கள்? (பருத்தி வியாபாரி, ராஜபாளையம்)

மெஷின் குறைத்தது கொட்டை எடுக்கும் வேலையைத்தான். விதைப்பு, களையெடுப்பு, பஞ்செடுப்பு எல்லாம் கைதான். குட்டை இழைப் பருத்தியின் கொட்டை பஞ்சை விடாமல் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கும் பொறிக்கு எலி விட்னி 1794-இல் காப்புரிமை வாங்கியதும் கடற்கரையோரம் மட்டுமே பயிரான பருத்தி உள்நாட்டுக்குப் பரவியது. 1790-இல் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1830-இல் இருபது லட்சம். 1808-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை வந்தபின் வர்ஜீனியாக்காரர் தம் அடிமைகளைத் தெற்கே விற்றார். நிலத்தைப் போல மனிதர்களையும் அடகு வைத்துக் கடன் வாங்கலாம், உங்கள் வியாபாரக் கண்ணுக்கு அது புரியும்.

கடனை வெறுத்த ஜெஃபர்சன் ஆட்சியில் நாட்டுக் கடன் குறைந்ததா? (மதுரை)

குறைந்தது. லூசியானாவை 1.5 கோடிக்கு வாங்கியும்கூட, 8.3 கோடி டாலராக இருந்ததை 5.7 கோடிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் 1809-இல் இறங்கினார். சொந்தக் கடன் வேறு கதை. 1826-இல் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. மறு ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் போட்டார்கள்: மேசை, நாற்காலி, கால்நடை, 130 அடிமைகள்.