ஃபிளவர்ஹார்ன் வாங்கியாச்சு, இனி?

முதல் முறையாக ஃபிளவர்ஹார்ன் என்ற அலங்கார மீனை வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன். என் முதல் மீனை மூன்றே வாரத்தில் சாகக் கொடுத்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடையில் இரண்டு இஞ்ச் குட்டி வாங்கினேன். வீட்டில் இரண்டடித் தொட்டி இருக்கிறது, போதுமா?

இன்றைக்குப் போதும் தம்பி. ஆறு மாதம் கழித்துப் போதாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர்தான் பிடிக்கும். இந்த மீன் வளர்ந்தால் ஓரடி வரும். ஓரடி மீன் ஓரடி அகலத்தில் எப்படித் திரும்பும்? நான்கடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது சுமார் 250 லிட்டர், அதற்குக் குறையாமல் பாருங்கள். தண்ணீரே கால் டன் எடை வரும், அதனால் டிவி மேசை மேல் வைக்கிற வேலை வேண்டாம். நன்றாகக் கவனித்தால் பத்து வருடம் இருக்கும். மீனின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், செலவெல்லாம் தொட்டியிலும் ஃபில்டரிலும்தான்.

தொட்டி செட் பண்ணி மறுநாளே மீனை விட்டேன். ஐந்தாம் நாள் தரையோடு படுத்துவிட்டது, செவுள் வேகமாக அடிக்கிறது. ஆனால் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, சார்.

என் முதல் மீனும் இப்படித்தான் போனது. அமோனியா கண்ணுக்குத் தெரியாது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகின்றன. அதை நைட்ரைட்டாகவும், பிறகு விஷம் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் ஃபில்டரில் இன்னும் அது இல்லை.

இப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் போட்டு, சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், அதற்குப் பட்டினி தாங்கும். நாளைக்கும் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். நோயில்லாத மீன் வளர்க்கிற நண்பர் யாராவது இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு அழுக்கு ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த அழுக்குதான் மருந்து. அதைக் குழாயடியில் அலசினால் குளோரின் பட்டு பாக்டீரியா செத்துவிடும். கல் உப்பு போடச் சொல்வார்கள், ஆனால் உப்பு அமோனியாவை எடுக்காது. அப்புறம், அமோனியாவை அளக்கிற ஒரு டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் ஊற்றலாமா?

முழுக்கக் கேன் தண்ணீர் வேண்டாம். இது 1990களில் மலேசியா, தைவான் பக்கம் மத்திய அமெரிக்காவின் சிக்லிட் குடும்ப மீன்களைக் கலந்து உருவாக்கிய மீன். அதன் மூதாதைகள் கடின நீரில் வாழ்ந்தவை. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7 முதல் 8 வரை அதற்குச் சௌகரியம். கேனில் வருவது பெரும்பாலும் ஆர்ஓவில் வடிகட்டிய தண்ணீர். அதில் தாது மிகக் குறைவு, பிஎச் திடீரென்று இறங்கும். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு கரித்தால் மட்டும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

தனியாக இருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. துணைக்கு ஒரு ஆஸ்கார் மீன் விடலாமா?

விடாதீர்கள். சிக்லிட் குடும்பமே எல்லைக்குச் சண்டை போடுகிற குடும்பம். நம் குளத்து ஜிலேபி மீனும் (திலேப்பியா) அந்தக் குடும்பம்தான். குழி பறித்து, அந்த இடத்தைக் காவல் காக்கும். ஃபிளவர்ஹார்னுக்கோ தொட்டி முழுக்கவே அதன் எல்லை. பாசி தின்னட்டும் என்று சக்கர் மீன் போடுகிறவர்கள் உண்டு. ராத்திரி சக்கர் இதன் உடம்புச் சளியைச் சுரண்டும், பகலில் இது சக்கரின் கண்ணைப் பிடுங்கும். அதற்குத் துணை வேண்டாம், அறைக்குள் நடமாடுகிற நீங்கள் போதும்.

தலையில் புடைத்து நிற்கிற கொண்டையே வரவில்லை. கோழி ஈரல் கொடுத்தால் வருமாமே?

ஈரலால் கொண்டை வராது, மீனின் ஈரல்தான் கொழுப்பேறிக் கெடும். கொண்டை பெரும்பாலும் பரம்பரை. பெண் மீனுக்குச் சிறிதாகத்தான் இருக்கும். ஆண் இல்லாமலே முட்டையிட்டு அது ஒருநாள் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். நல்ல பெல்லெட் தீனி, நடுவில் உரித்த இறால் போதும். கண்ணாடி காட்டினால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், ஐந்து நிமிடம் காட்டுங்கள். நாள் முழுக்க வைத்தால் எதிரி போகவே இல்லை என்று மிரளும். வாஸ்துவுக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கையை விட்டால் கடிக்கிறது.

கடிக்கத்தான் செய்யும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பை இறக்கிவிட்டு வேலை பாருங்கள். கை வைக்கும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோதி உடைக்கும் என்பதால் ஹீட்டருக்குக் கூடு அவசியம்.

வெள்ளை நூல் மாதிரி மலம், சாப்பிடுவதில்லை, தலையில் ஊசி குத்தினதுபோல் குழி.

தலையில் ஓட்டை விழுகிற நோயின் ஆரம்பம் மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் குடலில் ஒட்டுண்ணி, கூடவே பழைய தண்ணீர். சூட்டை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். மெட்ரோனிடசோல் 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள், கால் பங்கு தண்ணீர் மாற்றிவிட்டுப் போட வேண்டும். மீன் பார்க்கிற கால்நடை மருத்துவர் கிடைத்தால் முதலில் அவரைக் கேளுங்கள். குணமான பிறகு வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதை விடாதீர்கள்.

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952இல். இன்று அது இல்லாத குளம் உங்கள் ஊரில் இருக்கிறதா? சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ஆட்கள் விட்ட ஃபிளவர்ஹார்ன்கள் இப்போது உலவுகின்றன. கடையில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். யாரும் வாங்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள். போன மாதத்திலிருந்து என் ஐந்தடித் தொட்டி காலியாகத்தான் ஓடுகிறது, ஃபில்டரை நிறுத்த மனசு வரவில்லை.