பாராட்டுரை வெறும் சம்பிரதாயமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 30 ஆண்டுகள் பணியாற்றியவர் அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். பிரிவு உபசார விழாவில் பாராட்டுரை வழங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. சம்பிரதாயம்தானே, நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதாதா?

பதில்: சம்பிரதாயம்தான். 'வெறும்' சம்பிரதாயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பேச்சுக்கலையை மூன்றாகப் பிரித்தார் அரிஸ்டாட்டில். இனி என்ன செய்யலாம் என்று வாதிடும் அவைப் பேச்சு, நடந்தது நியாயமா என்று அலசும் வழக்குமன்றப் பேச்சு. இவற்றுக்கு இணையாகப் புகழவும் பழிக்கவும் உரிய விழாப் பேச்சையும் வைத்தார். முதல் இரண்டிலும் கேட்பவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர். விழாவில் அப்படியில்லை. அங்கே எல்லோர் மனத்திலும் இருப்பதை எல்லோர் சார்பாகவும் ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார்.

வரவேற்புரையிலும் நன்றியுரையிலும் பெயர் விடுபடாமலிருந்தாலே பாதி வெற்றி. பாராட்டுரையும் இரங்கலுரையும் அப்படியல்ல. ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்த வேண்டும். 'கடுமையான உழைப்பாளி, பண்பாளர்' என்பதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். 'நான் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். யார் காதுக்கும் போகாமல், மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார்' என்று சொல்லிப் பாருங்கள். அவையில் நாலைந்து தலைகளாவது அசையும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் இந்த அலுவலகம் எதை மதிக்கிறது என்பது புரிந்துவிடும். இந்த உரைகளின் பெரிய பயன் இதுதான் என்பேன். எனவே அவருடன் பழகிய இரண்டு மூன்று பேரிடம் இன்றே கேட்டு, இப்படி ஒரு நிகழ்ச்சியைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று போதும்.

நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் போர்வீரர் கல்லறையை அர்ப்பணிக்கும் விழாவில் பேர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து வந்த அதிபர் லிங்கன் இரண்டே நிமிடங்களில் முடித்தார். லிங்கன் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தைத் தான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்ச்சி என்று மறுநாள் எவரெட்டே அவருக்கு எழுதினார்.

உடல்நலம், பதவி உயர்வு கிடைக்காத கதை இரண்டையும் தொடாதீர்கள். எழுதியதை வீட்டில் ஒருமுறை உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். கடைசி வாக்கியம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். அதுவரை அவையைப் பார்த்து 'அவர்' என்று பேசியவர், அந்த ஒரு வாக்கியத்துக்குத் தாளை மடித்து வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி 'நீங்கள்' என்று சொல்லுங்கள்.