எஸ்டீம் இன்ஜினுக்கு பைக் த்ராட்டில் பாடி: எந்த அளவு, எந்த வரிசை?

கேள்வி: என்னிடம் 1.3 லிட்டர், 16 வால்வு எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர்) இன்ஜின் கொண்ட பழைய மாருதி எஸ்டீம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகவே அதைத் தயார்செய்கிறேன். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஒற்றை த்ராட்டில் பாடிக்குப் பதிலாகச் சிலிண்டருக்கு ஒன்று வைக்க நினைக்கிறேன். சுஸுகி பைக்குகளிலிருந்து கழற்றிய த்ராட்டில் பாடிகள் இரண்டு செட் விலைக்கு வருகின்றன. ஒன்று ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 600, மற்றொன்று ஹயபுசா. பெரியதையே வாங்கிவிடலாமா? காரின் பழைய இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போதுமா?

பதில்: சிறியதை வாங்குங்கள். பழைய இசியு போதாது. இன்னும் சொன்னால், த்ராட்டில் பாடிக்கு முன்பாகவே புதிய இசியுவை வாங்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. உங்கள் இன்ஜின் 1298 சிசி. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 325 சிசி. அது நிமிடத்துக்கு 6500 சுற்று சுற்றும்போது, 325-ஐ 6500-ஆல் பெருக்கினால் சுமார் 21 லட்சம். 600 சிசி பைக்கில் ஒரு சிலிண்டர் 150 சிசிதான். ஆனால் அது 13,000 சுற்று வரை போகும். 150-ஐ 13,000-ஆல் பெருக்கினால் 19.5 லட்சம். ஆக, ஒரு த்ராட்டில் வழியாகப் போக வேண்டிய காற்று இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. 600 சிசி பைக்கின் 38 அல்லது 40 மி.மீ. துளை உங்கள் இன்ஜினுக்குத் தைத்த சட்டை போலப் பொருந்தும். ஹயபுசாவின் துளை 44 முதல் 46 மி.மீ. வரை. அதைப் பொருத்தினால் பெடலை முதல் கால் பங்கு மிதிப்பதற்குள் தேவையான காற்றெல்லாம் உள்ளே போய்விடும். மீதித் தூரம் வெறும் பெடல் பயணம். வளைவின் நடுவில் காலை மெல்ல அழுத்தும்போது கார் துள்ளும்.

அந்த 600 சிசி இன்ஜின் த்ராட்டில் பாடியில் உள்ள இதே இன்ஜெக்டர்களை (பெட்ரோல் தெளிப்பான்களை) கொண்டு 100 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. உங்கள் இன்ஜினின் ஆலைத் திறன் 85 என்பதால் பெட்ரோல் அளவைப் பற்றிய கவலை வேண்டாம். எரிபொருள் அழுத்தத்தை 3 பாரில் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயை மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியில்) இணைக்க வேண்டாம், திறந்தே விடுங்கள்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்வது நல்லது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை மாற்றாமல் த்ராட்டிலை மட்டும் மாற்றினால் உச்சத் திறன் பெரிதாக ஏறாது. கிடைக்கப்போவது வேறு. ஒற்றை த்ராட்டில் உள்ள இன்ஜினில், பெடலை மிதித்தவுடன் வரும் காற்று முதலில் மேனிஃபோல்டின் வயிற்றை நிரப்ப வேண்டும். பிறகுதான் சிலிண்டருக்குப் போகும். தனித்தனி த்ராட்டிலில் அந்த வயிறே இல்லை. கால் அசைந்ததும் இன்ஜின் பதில் சொல்லும். அடுத்தடுத்து இறுக்கமான வளைவுகள் வரும் கரி போன்ற 2.1 கி.மீ. தளத்தில் அது உண்மையான லாபம். நாளை வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கூர்மையான கேம் போட நினைத்தாலும் இந்த ஏற்பாடு தாங்கும். ஒரு சிலிண்டரின் மூச்சு இன்னொன்றைக் குலைக்காததால் ஐடிலிங் ஓரளவு ஒழுங்காக இருக்கும். பிஎம்டபிள்யூவின் முதல் எம்3, நிசானின் ஆர்பி26, டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ ஆகியவை ஆலையிலிருந்தே தனித்தனி த்ராட்டிலுடன் வந்ததற்கு இந்தக் குணமே காரணம்.

மேனிஃபோல்டு லேத் பட்டறை வேலை. பைக் த்ராட்டில்களின் நடுமைய இடைவெளி உங்கள் ஹெட் துளைகளின் இடைவெளியைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் வெர்னியரால் அளந்து பாருங்கள். வேறுபாடு 4 மி.மீ. என்றால் நடு இரண்டு 2 மி.மீ., ஓர இரண்டு 6 மி.மீ. விலகும். இந்த அளவுக்கு த்ராட்டில்களைப் பிரித்து, அவற்றை இணைக்கும் லிங்க்கேஜை நீட்ட வேண்டியதில்லை. குழாய்களைச் சற்றே சாய்த்து வெல்டிங் செய்தால் போதும். 10 அல்லது 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஃபிளாஞ்ச் (ஹெட்டில் போல்ட் போடும் தட்டை முகம்) வெட்டி, அதில் குழாய்களை ஆர்கான் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங்கின்போது ஃபிளாஞ்சை ஒரு கனமான இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் வாழைப்பழம் போல் வளைந்துவிடும். ஆறிய பிறகு ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து ஃபீலர் கேஜ் செருகிப் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகத்தை மீண்டும் கடைந்தெடுங்கள்.

குழாயையும் த்ராட்டிலையும் இணைக்க, பைக்கிலேயே வரும் ரப்பரைப் பயன்படுத்துங்கள். இன்ஜெக்டர் த்ராட்டில் பாடியில் இருப்பதால் பெட்ரோல் அந்த இணைப்பைக் கடந்துதான் போகிறது. சாதாரண சிலிக்கான் ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். வால்விலிருந்து டிரம்பெட் (காற்று நுழையும் புனல்) வாய் வரை மொத்த நீளம் 300 மி.மீ. அருகில் இருக்கட்டும், 13,000 சுற்றுக்காகச் செய்த பைக்கின் குட்டை டிரம்பெட் உங்களுக்குப் பயன்படாது. வாங்கும் செட்டில் இரண்டாவது வரிசை பட்டர்ஃபிளை (காற்றுவழியைத் திறந்து மூடும் வட்டத் தகடு) இருந்தால் கழற்றி, தண்டின் துளைகளை அடைத்துவிடுங்கள். பட்டர்ஃபிளையின் சிறு திருகுகளை மீண்டும் போடும்போது ஒவ்வொன்றுக்கும் லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) தடவுங்கள். ஒரு திருகு உள்ளே விழுந்தாலும் பிஸ்டன் போய்விடும்.

இனி இசியு. பெரும்பாலானவர்கள் பணத்தையும் பொறுமையையும் இழப்பது இங்கேதான். எஸ்டீமின் இசியு, மேனிஃபோல்டில் உள்ள வேக்யூமை அளந்து எவ்வளவு காற்று போகிறது என்று கணிக்கிறது. தனித்தனி த்ராட்டிலில் அந்த அளவு பொய்யாகிவிடும். கால் பங்கு திறந்ததுமே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடுவதால், அதற்குப் பிறகு கால் திறப்புக்கும் முழுத் திறப்புக்கும் இசியுவால் வேறுபாடு காண முடியாது. எனவே த்ராட்டில் கோணத்தையும் சுற்று வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் இசியு தேவை. ஆல்ஃபா-என் என்பது அந்த முறையின் பெயர். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ இரண்டிலும் இந்த வசதி உண்டு. எந்தத் திறப்புக்கு எவ்வளவு பெட்ரோல் என்று இசியுவில் எழுதும் அட்டவணையின் வரிசைகளில் பாதியை முதல் 20 சதவீதத் திறப்புக்கே ஒதுக்குங்கள். காற்று வேகமாக மாறுவது அங்கேதான்.

வேலையற்றுப் போன அழுத்த சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். அதை வெளிக்காற்றை அளக்க விடுங்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைவு. கோவையில் டியூன் செய்த காரை, கடல்மட்டத்தை ஒட்டியுள்ள சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோனால், இந்தத் திருத்தம் இல்லாத ஆல்ஃபா-என் பெட்ரோலைக் குறைவாகவே ஊற்றும். முழு வேகத்தில் அது ஆபத்து.

புதிய இசியுவை, கிராங்க் நிலையை அதற்குச் சொல்லும் 36-1 பல் சக்கரத்தை (36 பல்லில் ஒன்று இல்லாதது), காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை முதலில் பழைய மேனிஃபோல்டிலேயே பொருத்தி, கார் நன்றாக ஓடும்வரை டியூன் செய்யுங்கள். அதற்குப் பிறகு த்ராட்டில் பாடி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், இன்ஜின் இருமும்போது காற்றுக் கசிவா, வயரிங்கா, அட்டவணையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரேக் பெடலை இலகுவாக்கும் பூஸ்டரின் வேக்யூம் குழாயை ஏதோ ஒரு சிலிண்டரில் மட்டும் இணைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. நான்கு குழாய்களிலும் த்ராட்டிலுக்குக் கீழே 4 மி.மீ. நிப்பிள் வைத்து, நான்கையும் ஒரு சிறு உலோகக் கலனில் சேர்த்து, அங்கிருந்து ஒருவழி வால்வு வழியாக பூஸ்டருக்குக் கொண்டுபோங்கள். நிப்பிள் துளை பெரிதானால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கி, தனித்தனி த்ராட்டிலின் பயன் கெடும். ஐடிலிங்கில் பிரேக்கை நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாக இறுகினால் தளத்துக்குப் போகாதீர்கள். மின்சார வேக்யூம் பம்ப் ஒன்றைச் சேர்த்த பிறகு போகலாம்.

நான்கு த்ராட்டில்களின் காற்றையும், காற்றோட்டத்தை அளக்கும் சிங்க்ரோமீட்டரால் சமன்செய்த பிறகே டியூனிங்கைத் தொடங்குங்கள். டிரம்பெட்டுகளைத் திறந்த வாயோடு விடாமல் எண்ணெய் தடவிய ஃபோம் ஃபில்டர் போடுங்கள். தளத்தின் ஓரத்து மண்ணை உறிஞ்சினால் பிஸ்டன் ரிங் விரைவில் தேய்ந்துவிடும்.

ஒன்று மீதமிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றத் தடைவிதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதிசெய்தது. எனவே வேலை முடிந்த பிறகு காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகாமல் டிரெய்லரில் ஏற்றித் தளத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த டிரெய்லர் வாடகையையும் இப்போதே செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.