12,000 ரூபாய் கட்டினால் மேடைப் பயம் போய்விடுமா?

கேள்வி: திருநெல்வேலியில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறேன், தாமிரபரணியைச் சுத்தம் செய்யும் நண்பர்களோடும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வேலை செய்யத் தயக்கமில்லை. ஆனால் மைக்கைக் கொடுத்தால் தொண்டை அடைத்து எல்லாம் மறந்துவிடுகிறது. 12,000 ரூபாய்க்குப் பத்து நாள் பேச்சுப் பயிற்சி, சான்றிதழ், டெல்லி இளைஞர் மாநாட்டில் பேச வாய்ப்பு தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

பேச வருகிறவருக்கு வழிச்செலவு கொடுத்து, ஒரு துண்டும் போர்த்தி அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். பேசுகிறவரே பணம் கட்டிப் போகிற மேடையில் கீழே உட்கார்ந்திருப்பவர்களும் பணம் கட்டியவர்கள்தான், தன் முறை எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், உங்கள் பேச்சு யார் காதில் விழும்? அதோடு இந்த 12,000 முன்பணம் மாதிரிதான். அப்புறம் பதிவுக் கட்டணம், தங்கும் செலவு, அடுத்த வருடம் 'இளம் சாதனையாளர் விருது' என்று நீளும். விட்டால் கௌரவ டாக்டர் பட்டம் வரை கொண்டுபோவார்கள்.

டெல்லி ஆசை இருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது. மத்திய இளைஞர் நலத்துறை 2019-ல் தேசிய இளைஞர் நாடாளுமன்ற விழா என்று தொடங்கியது, 2025-ல் அதற்கு 'விக்சித் பாரத் இளைஞர் நாடாளுமன்றம்' என்று பெயர் மாற்றினார்கள். 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, மாவட்டத்தில் தொடங்கி மாநிலம், டெல்லி என்று போகும், கட்டணம் கிடையாது. ஆனால் அந்தச் சுற்றறிக்கை கல்லூரிக்கு வந்து யாரோ ஒருவர் மேஜை டிராயரில் படுத்துக்கிடந்துவிட்டு, கடைசித் தேதி முடிந்த மறுநாள் அறிவிப்புப் பலகைக்கு வரும். உங்கள் கல்லூரியின் நலப்பணித் திட்ட அலுவலரை நீங்களே போய்த் தொல்லை பண்ணிக் கேளுங்கள்.

நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் கணக்கு. அதில் எத்தனை மணி நேரம் சால்வைத் தட்டோடு வாசலில் நின்று, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும் சிறப்பு விருந்தினருக்குக் கை தட்டியது என்று எண்ணிப் பாருங்கள், எனக்கு வயிறு எரியும். ஏழு நாள் சிறப்பு முகாமை மட்டும் விடாதீர்கள். மாலையில் ஊர்க்காரர்கள் பத்து இருபது பேர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் பாருங்கள், அதைவிட நல்ல பயிற்சி மேடை காசு கொடுத்தாலும் கிடைக்காது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவு நேர்மை.

பேசுவதற்கு விஷயம் உங்களிடமே இருக்கிறது. நதியின் பெருமை, இளைஞர் சக்தி எல்லாம் வேண்டாம். போன ஞாயிறு ஆற்றுக்குள் இறங்கி என்ன எடுத்தீர்கள்? பரிகாரம் என்று விட்ட பழைய துணியா, ஷாம்பு பாக்கெட்டா, எத்தனை சாக்கு, அதை யார் வந்து அள்ளினார்கள் அல்லது அள்ளவே இல்லையா, அதைச் சொல்லுங்கள். கையால் தொட்டது மறக்காது, மனப்பாடம் செய்ததுதான் மறக்கும். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் மனப்பாடம், நடுவுக்கு ஒரு துண்டுச்சீட்டில் நான்கு சொல். போனில் பதிவு செய்து கேளுங்கள், கூச்சமாக இருக்கும், கேளுங்கள். இன்னொன்று, ஐந்து நிமிடம் என்று கூப்பிட்டவர்கள் மேடையில் 'தம்பி, ரெண்டே நிமிஷம்' என்பார்கள். இரண்டு நிமிடப் பேச்சைத் தனியாகத் தயார் செய்து வையுங்கள். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பித்தால் அதிலேயே ஒரு நிமிடம் போய்விடும்.

அடுத்து, உங்கள் ஊர்க் கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே போதும். ஒரு சிக்கலை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கிராம சபையின் உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர். முகாம் போட்ட ஊரில் நீங்கள் விருந்தாளி, உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், உரிமையோடு கேட்க முடியாது. விடுதி முகவரிக்குப் பெயரை மாற்றியிருந்தால் சொந்த ஊரிலும் நீங்கள் உறுப்பினர் இல்லை, மாநகராட்சியில் கிராம சபையும் இல்லை, இரண்டும் கெட்டான். இன்னும் பெயரே சேர்க்கவில்லையா? இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு முதல் தேதிகளை வைத்து 18 வயது பார்க்கிறார்கள். படிவம் 6 கொடுங்கள், ஊர் முகவரியிலேயே கொடுங்கள். 'நான் போட்டுத் தருகிறேன், 300 ரூபாய்' என்று ஒருவர் வருவார். அது இலவசம்.

கடைசியாக ஒன்று. ஆர்ப்பாட்டம், பேரணி என்று தன்னார்வலராகப் போகிற இடத்தில் காவல் நிலைய அனுமதி மனுவில் 'சும்மா ஒரு கையெழுத்துப் போடு தம்பி' என்பார்கள். போடாதீர்கள். நிபந்தனை மீறினால் முதலில் தேடுவது மனுவில் இருக்கும் பெயரைத்தான், உங்களைக் கூப்பிட்ட அண்ணன் அன்றைக்குப் போனை எடுக்கமாட்டார்.

சரி, இன்று இரவே முதல் இரண்டு வரியை எழுதுங்கள். அதில் 'இந்த இனிய வேளையிலே' என்று இருந்தால் அடித்துவிட்டு, சாக்குக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.