சொன்ன தேதி

அன்புள்ள ஐயா,

படங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் ஃபிரேம் போட்டுத் தரும் சிறுதொழில் செய்கிறேன். என்னோடு இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். காலையில் தொடங்கினால் இரவுவரை ஓட்டம்தான், ஆனாலும் எதுவும் நேரத்துக்கு முடிவதில்லை. ‘ஆயிடுச்சா?’ என்று கேட்டு வரும் போனுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போகிறது. இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் பொறுமையே இல்லை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையையும் இரண்டு செயலிகளையும் முயன்று பார்த்தேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால் சரியாகுமா? போன வாரம் ஒருவர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதிவிட்டார். தள்ளுபடி தருவதாகச் சொல்லி அதை எடுக்கச் சொல்லலாமா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளைவிட ‘ஆயிடுச்சா?’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. என் அப்பாவின் பழைய வேலை நோட்டு ஒன்று சில நாட்களாக மேசையில் கிடக்கிறது. எடுப்பதும் புரட்டுவதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம். 25 நிமிட முறையை 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தன் படிப்புக்காக உண்டாக்கிக்கொண்டார், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து. தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு நல்ல முறை. எதிரே ஆள் வந்து நிற்கிற தொழிலில், மணி அடிக்கும்வரை இருங்கள் என்று சொல்ல முடியுமா? கணக்கு எழுதும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுவது வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் கால் அங்குலம் தப்பாக வெட்டினால் கண்ணாடி போச்சு. செயலிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ‘வாடிக்கையாளர்களுக்குப் பொறுமையே இல்லை’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. பொறுமை இல்லாதவர் ‘ஆயிடுச்சா’ என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார். போன் செய்கிறவர்கள் இன்னும் உங்களை நம்பிக்கொண்டிருப்பவர்கள். நீங்கள் சொன்ன தேதி அவர்கள் மனதில் இருக்கிறது. எந்தக் கணக்கை வைத்து அந்தத் தேதியைச் சொன்னீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், அது மட்டும் இல்லை.

என் அப்பா புத்தகம் பைண்டிங் செய்தவர். பள்ளி விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தடவிக் கொடுப்பது என் வேலை. தைத்து, முதுகில் பசை தடவி, அட்டை ஒட்டி, பிரஸ்ஸில் வைத்து இறுக்கிவிட்டால் ராத்திரி முழுக்க அதைத் தொடக்கூடாது. ஈரத்தோடு எடுத்தால் அட்டை படகு மாதிரி வளைந்துவிடும். இதெல்லாம் அப்பாவுக்கு உறக்கத்திலும் தெரியும். ஆனால் யார் வந்து கேட்டாலும் ‘நாளைக்குச் சாயங்காலம் வாங்க’ என்றுதான் சொல்வார். வந்தவர் முகம் வாடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம்.

ஒருநாள் ஒரு மாணவர் ஆய்வேடு கொண்டுவந்தார், ஐந்து பிரதிகள். அன்றைக்கு பிரஸ் நிறைந்திருந்தது, அது காலியாவதற்குக் காத்துக்கொண்டு இன்னும் சில கட்டுகள் கீழே இருந்தன. அப்பா வழக்கம்போல ‘நாளைக்கு’ என்றார். மறுநாள் வந்தவரிடம் ‘இன்னும் ஒரு நாள்’ என்றார். மூன்றாம் நாள் அவர் பல்கலைக்கழகத்தில் கொடுத்தே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் ஈரம் காயாத பிரதிகளைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார் அப்பா. அடுத்த வாரம் அந்த மாணவர் தன்னிடமிருந்த ஒரு பிரதியோடு வந்தார். மேசைமேல் வைத்தார். அட்டை மூடவே இல்லை, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் சத்தம் போடவில்லை. “முதல் நாளே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற இடத்துல கொடுத்திருப்பேனே, சார்” என்றார், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அப்பா நோட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். ஒரு கட்டத்துக்குத் தலைப்பு ‘சொன்ன தேதி’. பக்கத்துக் கட்டத்துக்கு ‘கொடுத்த தேதி’. ஒரு மாதம் எழுதிவிட்டுப் பார்த்தால், ‘நாளைக்கு’ என்று சொன்னதெல்லாம் நாலாம் நாள், ஐந்தாம் நாள்தான் போயிருக்கிறது. அப்புறம் ‘அஞ்சு நாள் ஆகும்’ என்று சொல்லத் தொடங்கினார். சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள், உண்மை. மற்றவர்கள் ஐந்தாம் நாள் ஒரே தடவை வந்தார்கள். நடுவில் வந்து நிற்பவர்கள் குறைந்ததில் அவருக்கு மிச்சமான நேரத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடமே இதைக் கேட்டுப் பார்த்தார்கள். எப்போது முடிப்பீர்கள் என்றதற்குச் சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பிப்போனால் என்றதற்குக் கிட்டத்தட்ட 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமாக யோசித்துச் சொன்ன கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது. அதனால்தான் தேதி சொல்லும்போது மனதைக் கேட்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள் என்கிறேன்.

நோட்டு இன்னும் இல்லையென்றால் இன்றைக்கே ஒரு கணக்குப் போடலாம். கையில் 18 வேலை இருக்கிறது, நாளொன்றுக்குச் சராசரியாக 3 முடிந்து வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசைப்படி செய்தால் இப்போது வருபவருக்கு 6 நாள் ஆகும். ஜான் லிட்டில் என்பவர் வரிசைகளைப் பற்றி 1961இல் நிரூபித்த விதியின் எளிய வடிவம் இது. 6 நாள் ஆகும் இடத்தில் ‘மூணு நாள்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? நாலாம் நாள் ஒரு போன், ஐந்தாம் நாள் ஒரு போன். 18 பேருக்கு 36 போன். ஒவ்வொன்றுக்கும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும், பசைக் கையைத் துடைக்க வேண்டும், எந்தப் படம் என்று தேட வேண்டும். உங்கள் பாதி நாளைத் தின்றது அந்த ‘மூணு நாள்’தான், தம்பி. வேலை ஏன் முடியவில்லை, வாடிக்கையாளர் ஏன் கோபப்படுகிறார் என்று இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது.

சொன்ன தேதி தப்பத்தான் செய்யும், சில நேரம். கண்ணாடி கீறும், ஆள் வரமாட்டார். அது அந்தத் தேதிக்கு முந்தின நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த அந்த நிமிடமே நீங்கள் போனை எடுங்கள். ‘கண்ணாடி வெட்டும்போது கீறிவிட்டது, புதிதாக வெட்டுகிறோம், வியாழன் மதியம் கிடைக்கும், உங்களுக்கு ஏதாவது சிரமமா?’ என்று கேளுங்கள். காரணம் தெரியாமல், முடிவு தெரியாமல் காத்திருப்பதுதான் நீளமாகத் தெரியும் என்று டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985இலேயே எழுதியிருக்கிறார். காத்துக்கிடந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவரே கூப்பிட்டுக் கேட்கும்வரை விட்டீர்களானால் அதே காரணம் சாக்காகிவிடும்.

அந்த ஒற்றை நட்சத்திரக்காரருக்கு எத்தனை தேதி சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே ஊகிக்க முடிகிறது. தள்ளுபடி கொடுத்து எடுக்கச் சொல்லாதீர்கள், கூகுள் விதியும் அதை அனுமதிப்பதில்லை. அவர் எழுதியதன் கீழேயே, சொன்ன நாளில் தரவில்லை, தவறு எங்களுடையது என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்ற சொல் உங்களைச் சுட்டிருக்கும், புரிகிறது. என் அப்பாவை அந்த மாணவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அப்பா அன்று சாப்பிடாமல் படுத்தார்.

நோட்டில் முதல் வரியில் அந்த ஐந்து பிரதிகள்தான் இருக்கின்றன. வளைந்த பிரதியின் அட்டையைப் பிரித்து, காசு வாங்காமல் புதிதாகக் கட்டிக்கொடுத்த நாளைத்தான் ‘கொடுத்த தேதி’ என்று எழுதியிருக்கிறார். சொன்னதற்கும் கொடுத்ததற்கும் நடுவே பதினொரு நாள்.

நாளைக்கே இரண்டு கோடு போடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.